அரண்மனைக்குக் கிட்டாத அறிவு

ரஷ்யாவை ஆண்ட ஜார் இரண்டாம் நிக்கோலஸுக்கு நான்கு பெண்களுக்குப் பின் 1904இல் பிறந்த ஒரே ஆண்பிள்ளை அலெக்சி. பட்டத்து இளவரசன்! ஆனால், பிறந்த சில வாரங்களிலேயே தொப்புளில் கசிந்த இரத்தம் எளிதில் நிற்கவில்லை. பின்னர், சிறு அடி பட்டாலும் உள்ளே இரத்தம் கட்டி வீங்கும், துடிதுடிப்பான். நோயை நாட்டுக்கு மறைத்தது அரண்மனை. 1912இல் அவன் சாவின் வாயில்வரை சென்று மீண்டான். ரஸ்புடினின் பிரார்த்தனையே காத்தது என்று நம்பினாள் அரசி. அந்தச் 'சாமியார்' சொல் அரசாங்கத்துக்குள்ளும் நுழைந்தது. 1917இல் முடி சரிந்தது. 1918இல், 13 வயதில், குடும்பத்தோடு சுட்டுக் கொல்லப்பட்டான் அலெக்சி.

2007இல் கிடைத்த எலும்புத் துண்டுகள் 2009இல் உண்மையைச் சொல்லின: இரத்தத்தை உறையவைக்கும் ஒன்பதாம் காரணி என்ற புரதத்தை ஆக்கும் மரபணுவில் பழுது! தாய்வழி வந்த குறை.

இன்று சிறிது இரத்தம் போதும். அதன் பிளாஸ்மாவை, அந்தக் காரணி இல்லாத பிளாஸ்மாவோடு ஆய்வுக்கூடத்தில் கலந்து, உறைய எத்தனை விநாடி என்று அளக்கிறார்கள். குறைந்தது எட்டாம் காரணியா, ஒன்பதாம் காரணியா என்பது தெரிந்துவிடும். தெரிந்தால், குறைந்ததையே ஊசிவழி ஏற்றலாம்.

மகுடம் சூட இருந்தவனுக்குக் கிட்டாத அறிவு, மூட்டை சுமப்பவன் மகனுக்கும் இன்று உண்டு. தோழர்களே! பிள்ளைக்கு இரத்தம் நிற்கவில்லையா? மந்திரிக்க ஓடாதீர்கள். மருத்துவமனைக்கு விரையுங்கள்; இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்!