டாக்டர் எட்வர்ட் லாரி

பதுளை ஆசுபத்திரியிலே சத்திர சிகிச்சைக்குக் காத்திருக்கும் தோட்டத்துத் தாயொருத்தி, மயக்குவதற்கு முன்னரே வேறொரு மருந்து எதற்கு என வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை காணப் புகின், ஐதராபாத்தில் உழைத்த ஒரு மருத்துவரின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும். அவரே டாக்டர் எட்வர்ட் லாரி.

1846 இல் பிறந்த லாரி எடின்பரோவில் மருத்துவங் கற்றார். குளோரோபோம் கொடுக்குங்கால் நாடியை நோக்காது மூச்சையே நோக்குதல் வேண்டும் என்னும் சைம் என்பாரின் கொள்கை அவர்தம் நெஞ்சில் வேரூன்றியது. 1885 இல் ஐதராபாத் அடைந்து, ரெசிடென்சி வைத்தியராயும் மருத்துவப் பள்ளித் தலைவராயும் விளங்கினார். மயக்க மருந்து கொடுப்பதில் உலகின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரான ரூபா பாய் அவர்தம் மாணவியே.

அந்நாளில் குளோரோபோம் முகர்ந்தோருட் சிலர் மேசையிலேயே மாண்டனர். முன்னர் நிற்பது மூச்சோ இருதயமோ என அறிஞர் வழக்கிட்டனர். லாரி வாதத்தோடு அமையாது, நிசாமின் பொருளுதவியால் 1888 இலும் 1889 இலும் ஆராய்ச்சிக் குழுக்களை அமைத்தார். இரண்டாவதற்கு இலண்டனிலிருந்து லாடர் பிரன்டன் வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளிற் சோதனை செய்து, குருதியமுக்கத்தைக் கருவியால் அளந்தனர். அமுக்கம் தாழ்வது உண்மையே. ஆயினும் மூச்சே முன்னர் நிற்கும் எனத் தீர்ப்புரைத்தனர்.

அத்தீர்ப்பு முழுமையன்று. இலேசான குளோரோபோம் மயக்கத்தில் அதிரினலீன் சேரின் இருதயம் ஒழுங்கு கெட்டுத் திடீரென நின்றுவிடும் என்பதை 1911 இல் குட்மன் லீவி பூனைகளிற் கண்டு காட்டினார். அஞ்சியவன் உடலில் அதிரினலீன் தானே பெருகுமன்றோ! ஆகவே, மருந்து ஒன்றேயாயினும் உடல் முன்னர் இருந்த நிலைக்கேற்ப அதன் பயன் வேறுபடும். முன்மருந்தின் நுட்பம் இதுவே. மோர்பீன் அச்சத்தைத் தணிக்கும். அத்திரோப்பீன் இருதயத்தைத் தாமதப்படுத்தும் நரம்பின் செயலைத் தடுத்து, அவ்வழியால் அமுக்கம் வீழாது காக்கும். அளவு மிகினோ மோர்பீனே மூச்சையும் அமுக்கத்தையும் தாழ்த்திவிடும். எனவே மருத்துவர் முன்னர் கொடுத்ததையும் கணக்கிட்டே பின்னர் கொடுப்பதை அளப்பர்.

லாரி 1901 இல் ஓய்வு பெற்று, 1915 இல் மறைந்தார். குளோரோபோமும் வழக்கொழிந்தது. மூச்சை இமையாது காக்க வேண்டும் என்ற அவர் பாடமோ இன்றும் நிலைபெறுகின்றது. கொண்ட கொள்கையைச் சோதனையில் நிறுத்திய துணிவை நாம் போற்றுவோம். சோதனையின் விடை நாம் விரும்பியதேயாயினும் மறுமுறை ஐயுறுதல் வேண்டும் என்பதையும் அவர் வாழ்விலிருந்தே நம் மாணவர் கற்பாராக.