பதவி துறந்த மந்திரி: திரு. மு. திருச்செல்வம் அவர்கள்

மந்திரிப் பதவியைப் பெற விரும்புவார் பலர், பெற்றார் சிலர், பெற்றதனைத் தாமே விட்டு நீங்கினார் மிகச் சிலர். அம்மிகச் சிலருள்ளும், பொருள் பற்றியேனும் மேற்பதவி பற்றியேனும் அன்றி, ஒரு திருத்தலத்தின் பொருட்டு எழுந்த வழக்கிலே தம் பதவியை நீத்தவராய் ஈழநாட்டு வரலாற்றில் இடம்பெற்றவர் இராணி அப்புக்காத்து திரு. மு. திருச்செல்வம் அவர்கள். திருகோணமலைக்குச் செல்லும் அடியார்கள் கோட்டை வாயிலைக் கடந்து கோணமாமலைமேல் ஏறும்போது அவர் பெயரை நினைப்பாரோ அறியோம். ஆயினும், அவ்வழியை மிதிக்கும் மாணாக்கர்க்கு அவர் வரலாற்றைச் சொல்லுதல் நம் சைவப் பள்ளி ஆசிரியர்களுக்கு உரிய கடனாம்.

திருச்செல்வம் அவர்கள் 1907-ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். சட்டக்கல்வியில் ஈடுபட்டு, அரசாங்கத்தாரின் நியாயவாதியாகச் சேவையிற் புகுந்து, படிப்படியாக உயர்ந்து, இலங்கையின் சொலிசிற்றர் ஜெனரல் என்னும் பெரும்பதவியை அடைந்தார்கள். அப்பதவி அரசாங்கத்தின் வழக்குகளை நீதிமன்றத்திலே எடுத்து நடத்தும் பொறுப்புடையது. சட்டத்தின் சொல்லைச் சொல்லாக மாத்திரம் பாராது, அச்சொல் நடைமுறையில் யாது செய்யும், யாது செய்யமாட்டாது என்று ஆராயும் பழக்கம் அச்சேவையில் அவர்களுக்கு வாய்த்தது. பின்னர் அரசாங்க சேவையை விட்டு நீங்கித் தனித்தொழில் புரிந்தார்கள். தந்தை செல்வா என்று மக்கள் அழைக்கும் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களின் தலைமையிலமைந்த தமிழரசுக் கட்சியைச் சார்ந்து, அக்கட்சிக்குச் சட்ட ஆலோசனை கூறுவாருள் முதல்வராயினார்கள்.

1965-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடந்த பொதுத்தேர்தலில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 66 இடங்களும், தமிழரசுக் கட்சி 14 இடங்களும் பெற்றன. அந்நிலையில் திரு. டட்லி சேனநாயக்கா அவர்களும் செல்வநாயகம் அவர்களும் மார்ச்சு 24-ஆந் தேதி ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆட்சிமொழியும் பதிவுமொழியும் தமிழாதல், நீதிமன்ற மொழிச் சட்டத்தைத் திருத்துதல், மாவட்ட சபைகளை நிறுவுதல், குடியேற்றக் காணிகளைப் பகிர்வதில் முதலில் அவ்வம்மாவட்டத்துக் காணியற்றார்க்கும் பின்னர் அம்மாகாணங்களில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கும் முதன்மை அளித்தல் என்னும் நான்குமே அவ்வுடன்படிக்கையின் சாரம்.

இங்கே ஒரு சிக்கல் நேர்ந்தது. சமஷ்டி ஆட்சி கிடைக்கும்வரை மந்திரிப் பதவி ஏற்பதில்லை என்பது தமிழரசுக் கட்சியார் கொண்டிருந்த கொள்கை. ஆனால், மந்திரிசபையில் தம்மவர் ஒருவரேனும் இல்லையாயின், உடன்படிக்கை ஏட்டளவிலே நின்றுவிடும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. ஆகவே, மக்களாற் றெரிந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுள் ஒருவரும் பதவி ஏலாமல், பிரதிநிதிகள் சபைக்கு வெளியேயிருந்த திருச்செல்வம் அவர்களைச் செனற் சபை உறுப்பினராக்கி, அவர் வாயிலாக மந்திரிசபையில் இடம்பெறுதல் என்று முடிவாயிற்று. அக்காலத்துச் செனற் சபை 30 உறுப்பினரை உடையது. மந்திரிமாருட் சிலர் அச்சபையினின்றே வரவேண்டும் என்பது அரசியற் றிட்டத்தின் விதி. அவ்வாறே அவர்கள் ஸ்தல ஸ்தாபன மந்திரியாயினார்கள். கட்சியின் கொள்கைக்கும் காரியத்தின் தேவைக்கும் இடையே ஒரு மனிதர் பாலமாக நின்றார் என்னலாம். பாலமாக நிற்பார்க்கு இருகரையிலும் மிதிபடுதல் இயல்பன்றோ?

அவர்கள் மேற்கொண்ட தலையாய வேலை மாவட்ட சபைகளை அமைக்கும் சட்டத்தை ஆயத்தஞ் செய்தலாம். 1958-ஆம் ஆண்டுத் தமிழ்மொழி விசேஷ ஏற்பாடுகள் சட்டத்தின்கீழ் 1966-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பிரமாணங்கள் நிறைவேறியபோதே, கொழும்பில் எதிர்ப்பு ஊர்வலம் எழுந்து, துப்பாக்கிப் பிரயோகத்தில் ஒரு பௌத்த பிக்கு உயிரிழந்தார். அத்தகைய சூழலில் மாவட்ட சபை என்னுஞ் சொல்லே பலர் செவிக்கு நாடு பிரிவதாக ஒலித்தது. அதனை அறிந்தே, அச்சபைகள் மத்திய அரசாங்கத்தின் கண்காணிப்பிற்கு உட்பட்டே இயங்கும் என்று வரைந்து, 1968-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் வெள்ளை அறிக்கை வெளியிடப்பட்டது. அதிகாரம் மிகக் குறைவு என்று தமிழர் சிலர் குறைகூறினர். மிகையென்று சிங்களவர் பலர் எதிர்த்தனர். ஆளுங்கட்சியினுள்ளேயே எதிர்ப்பு மூண்டது. முடிவில் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. மூன்றாண்டு உழைப்பு ஏட்டோடு நின்றது. அப்பொழுதும் திருச்செல்வம் அவர்கள் பதவியில் இருந்தார்கள்.

இனி, அவர்கள் பதவியை நீத்த காரணத்தை ஆராய்வாம். அதற்குத் திருக்கோணேச்சரத்தின் நிலையை முன்னர் அறிதல் வேண்டும்.

ஈழநாட்டில் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் இரண்டு. ஒன்று மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம், மற்றொன்று திருகோணமலைத் திருக்கோணேச்சரம். பின்னது கடல் சூழ்ந்த செங்குத்தான மலைமுனையில், துறைமுகத்தைக் காக்கும் காவல்போல் அமைந்தது. உலகத்துச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அதன் அருகே இருத்தலே அத்தலத்திற்கு ஆபத்தாயிற்று. கப்பற்படை கொண்டு வந்தார் யாவரும் அம்மலையைக் கோயிலாகக் காணவில்லை. கோட்டைக்குரிய இடமாகவே கண்டனர். 1620-ஆம் ஆண்டுகளிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1639-ஆம் ஆண்டு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பிடித்துப் பின்னர்ப் பிரெடெரிக் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டை வாயிலிற் பதிக்கப்பட்ட கல்லொன்றில் இரட்டை மீன் இலச்சினையையும் தமிழ் எழுத்துக்களையும் காணலாம்.

கோயில் அழிந்தும் வழிபாடு அழியவில்லை. அடியார்கள் மலைமுனையில் நின்று கடலை நோக்கி மலரிட்டு வணங்கி வந்தனர். 1950-ஆம் ஆண்டிற் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணினின்று வெளிப்பட்டன. அதன்பின் ஊரார் முயற்சியாற் கோயில் மீள எடுக்கப்பட்டு, 1963-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கும்பாபிஷேகம் நிறைவேறியது. 1957-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை துறைமுகத்தை விட்டு நீங்கியது. ஆயினும், கோட்டை படையினர் வசமே இருந்தது. கோயிலுக்குச் செல்வார் கோட்டை வாயிலூடாகவே செல்லல் வேண்டும். கோயிலைச் சூழ்ந்த நிலம் கோயிலுக்கு உரியதாகவும் இல்லை.

இந்நிலையில், கோயிற் சூழலைப் புனிதப் பிரதேசமாகப் பிரகடனஞ் செய்தல் வேண்டும் என்ற விண்ணப்பம் எழுந்தது. இது புதுமையான கோரிக்கையன்று. அநுராதபுரம், கதிர்காமம் முதலிய இடங்கள் அவ்வாறு பேணப்பட்டன. புனிதப் பிரதேசம் என்பது கோயிலுக்கு ஆட்சி தருவதன்று. கட்டிடங்கள், கடைகள், வீதிகள் முதலியன தலத்தின் தூய்மைக்கு ஏற்ப ஒழுங்கு செய்யப்படுதலே அதன் கருத்து. நகர் அமைப்பு வேலையும் ஸ்தல ஸ்தாபன மந்திரியின் பொறுப்பிலேயே இருந்தது. ஆயினும், திருச்செல்வம் அவர்கள் தாமே பிரகடனஞ் செய்துவிடவில்லை. தாம் சைவர், கோரினாரும் சைவர் ஆதலின், முடிவு நடுவுநிலையில் நின்று ஆராய்ந்து எடுக்கப்படல் வேண்டும் என்று கருதினாற்போல, விடயத்தை ஆராய்ந்து அறிக்கை செய்யும்படி ஒரு குழுவை நியமித்தார்கள்.

குழு வேலை முடிக்குமுன்னரே, திருகோணமலையிலிருந்த பௌத்த பிக்கு ஒருவர் பிரதம மந்திரிக்கு ஆட்சேபம் தெரிவித்து எழுதினார். பௌத்தர்க்கும் அவ்விடத்திற் பழந்தொடர்பு உண்டென்பது அவர் கட்சி. கோயிலின் பெயரால் துறைமுகமே தமிழர் வசமாகும் என்ற அச்சமும் தென்னிலங்கையிற் பரவியிருந்தது. மாவட்ட சபைக் கலக்கம் தணியாத வேளை அது. பிரதம மந்திரி, குழுவின் வேலையை நிறுத்திவிட்டார். அவருக்கிருந்த நெருக்கடியை நாம் மறுக்கவேண்டியதில்லை. தம் கட்சியினுள் எழுந்த எதிர்ப்பை அவர் அடக்கமாட்டாதவராய் இருந்தார். ஆயினும், ஒரு மந்திரி தம் இலாகாவிலே, தம் அதிகாரத்திற்கு உட்பட்டு, ஆராய்வதற்கு மாத்திரம் அமைத்த குழுவைக் கலைத்தல், அம்மந்திரிக்கு அதிகாரம் இல்லை என்று உலகறியச் சொல்லுதலே ஆம்.

திருச்செல்வம் அவர்கள் அதே 1968-ஆம் ஆண்டிற் பதவியைத் துறந்தார்கள். பின்னர் அவர் கட்சியும் அரசாங்கத்தினின்று நீங்கிற்று.

ஈண்டு ஒரு வினா எழும். மாவட்ட சபை கைவிடப்பட்டபோது நீங்காதவர், ஒரு குழு நிறுத்தப்பட்டபோது நீங்கியது ஏன்? முன்னதன்றோ பெரிய இழப்பு? சிலர் இதனை வைத்து அவர்களையும் கட்சியையும் குறைகூறியதுண்டு. அக்குறை முற்றும் ஆதாரமற்றதன்று. மூன்றாண்டு பொறுத்துப் பெற்றது சிறிது என்பதும் மெய்யே. எனினும், இரண்டிற்கும் வேற்றுமை உண்டு. சட்டம் நிறைவேறாமை மந்திரிசபை முழுவதும் பங்குகொண்ட தோல்வி. பின்னொருகால் மீளவும் முயலலாம் என்னும் நம்பிக்கைக்கு அது இடந்தருவது. குழுவை நிறுத்தியதோ, கேட்டறிவதற்குங்கூட இடமில்லை என்றது. கொடாமையைப் பொறுக்கலாம், கேளாமையைப் பொறுத்தால் இருப்பது பதவி மாத்திரமே என்று அவர்கள் உணர்ந்தார்கள் போலும்.

பதவி நீங்கியபின் அவர்கள் மீண்டும் நியாயவாதியாயினார்கள். 1971-ஆம் ஆண்டிற் செனற் சபையே ஒழிக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டில் திரு. அ. அமிர்தலிங்கம் அவர்கள்மேல் அவசரகாலப் பிரமாணங்களின்படி, யூரர் இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன்னிலையில் வழக்கு நடந்தபோது, எதிரியின் பக்கம் தமிழ் அப்புக்காத்துமார் பெருந்திரளாகத் தோன்றினர். அவர்களுள் முன்னின்றார் செல்வநாயகம், திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம், திருச்செல்வம் என்னும் மூவர். பலகாலம் அரசியலில் எதிரெதிர் நின்றவர்களும் அங்கே ஒருங்கு நின்றனர். அவ்வாண்டு நவம்பரில் திருச்செல்வம் அவர்களும், 1977 பெப்ருவரியிற் பொன்னம்பலம் அவர்களும், ஏப்பிரலிற் செல்வநாயகம் அவர்களும் ஒருவர்பின் ஒருவராக இவ்வுலக வாழ்வை நீத்தனர். அரை ஆண்டுக்குள் ஒரு தலைமுறை மறைந்தது.

அவர் மைந்தர் கலாநிதி நீலன் திருச்செல்வம் அவர்களும் சட்ட அறிஞராய், அதிகாரப் பகிர்வு பற்றிய அதே வேலையைத் தொடர்ந்து செய்து, 1999-ஆம் ஆண்டு சூலை 29-ஆந் தேதி கொழும்பிற் குண்டுத் தாக்குதலால் உயிரிழந்தார். மாவட்ட சபை என்று தந்தை வரைந்தது, 1981-இல் அபிவிருத்திச் சபையாகவும், 1987-இல் மாகாண சபையாகவும் வேறு வடிவுகளில் வந்தது. ஆயினும், தீர்வு முற்றுப்பெறவில்லை. கோணேசர் கோயிற்குச் செல்லும் வழி இன்றும் படையினர் இருக்கும் கோட்டையினூடாகவே செல்கின்றது.

ஆசிரியர்காள்! மாணாக்கர்க்குத் தலவரலாறு சொல்லும்போது, கோயிலை இடித்தார் பெயரையும் எடுத்தார் செயலையும் சொல்லுகின்றோம். அவற்றோடு, அத்தலத்தின்பொருட்டு முறைப்படி ஒரு கேள்வியை எழுப்பி, அக்கேள்விக்கு விடையன்றித் தடை கிடைத்தபோது, ஆரவாரமின்றி எழுந்து வெளியேறிய ஒருவர் செயலையும் சொல்லுவோமாக. அவர்கள் வென்றாரல்லர். எனினும், பதவி ஒரு காரியத்திற்குக் கருவியாம்வரையே அதனைக் கைக்கொண்டு, கருவியாகாதென்று கண்டபோது கீழே வைத்தார்கள். இந்நெறியை இளமையிலேயே அறிந்த மாணாக்கன், பின்னர் எப்பதவியில் இருப்பினும் அதற்கு அடிமையாகான்.