மண்புழுவுக்குப் பியானோ வாசித்த வீடு

இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீடு. மனைவி பியானோ வாசிக்கிறார். மகன் குழல் ஊதுகிறார். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மண் தொட்டிகளையே உற்றுப் பார்த்துக் கொண்டிருக்கிறார்.

தொட்டிகளில் இருப்பவை என்ன தெரியுமா? மண்புழுக்கள்!

அந்தப் பெரியவர்தான் விஞ்ஞானி சார்லஸ் டார்வின்.

மாமா காட்டிய அதிசயம்

டார்வின் 1809-ம் ஆண்டு பிறந்தார். கப்பலில் 5 ஆண்டுகள் உலகைச் சுற்றி, 1836-ல் நாடு திரும்பினார். பிறகு தாய்மாமன் வீட்டுக்குப் போனார்.

மாமா ஒரு புல்வெளியைக் காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் மேல் போட்ட சுண்ணாம்பு, இப்போது மண்ணுக்கு அடியில் கிடந்தது. இது மண்புழுவின் வேலை என்றார் மாமா.

1837-ல் இதை டார்வின் லண்டன் அறிஞர்களிடம் எடுத்துச் சொன்னார். இத்தனை சிறிய புழுவால் அவ்வளவு பெரிய வேலை முடியுமா என்று பின்னாளில் சிலர் மறுத்தார்கள்.

29 ஆண்டு சோதனை

மாமா மகள் எம்மாவையே டார்வின் மணந்தார். 1842-ல் தம் வீட்டருகே புல்வெளியில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பினார்.

29 ஆண்டுகள் பொறுத்திருந்தார்! 1871-ல் தோண்டினார். 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடு போலக் கற்கள் கிடந்தன.

புழு மண்ணைத் தின்கிறது. அதை மேலே வந்து கழிக்கிறது. மேலே மண் சேரச் சேர, கல் கீழே போகிறது.

காலில்லாமல் நடை

புழுவின் உடல் வளையம் வளையமானது. வளையங்களில் நுண்ணிய முட்கள் உண்டு. பின்பக்க முட்கள் மண்ணைப் பற்றிக்கொள்ள, முன்னுடல் நீண்டு நுழைகிறது. பிறகு முன்முட்கள் பற்றிக்கொள்ள, பின்னுடல் சுருங்கி வந்து சேர்கிறது.

மூச்சு விடுவது ஈரத்தோலால். தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். அதனால் வறட்சியிலும் கடுங்குளிரிலும் ஆழத்துக்கு இறங்கிச் சுருண்டு கிடக்கும்.

இசை கேட்டதா?

புழுவுக்குக் காது இல்லை. பியானோவுக்கும் குழலுக்கும் அவை அசையவில்லை. ஆனால் தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்தபோது, சட்டென்று வளைக்குள் மறைந்தன! அதிர்ச்சியை உடலால் உணர்ந்து தப்பின.

இவற்றையெல்லாம் 1881-ல் புத்தகமாக வெளியிட்டார் டார்வின். அதுவே அவருடைய கடைசிப் புத்தகம். மறு ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி காலமானார். மன்னர்கள் அடக்கமான வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

மண்ணைப் புரட்டும் புழுவுக்கு அவசரம் இல்லை. அதைக் கண்டு சொன்னவருக்கும் அவசரம் இருக்கவில்லை!