கண்ணிழந்தும் கருத்திழவாத கணிதப் புலவர்

மாணாக்கர்க்கு வாய்பாட்டை மனனஞ் செய்விப்பதும், நாள்தோறுஞ் சிறிதுபொழுது மனக்கணக்குக் கேட்பதும் வீண்வேலையென்று எண்ணுவோர் இக்காலத்துப் பலராயினர். கணிக்குங் கருவி கையிலிருக்க மனத்தை வருத்துவது எதற்கு என்பது அவர் வினா. இவ்வினாவுக்கு நியாயங்கூறி விடையிறுத்தலினும், ஒருவருடைய வாழ்க்கையைக் காட்டி விடையிறுத்தல் சிறப்பெனக் கருதி, லியோன்ஹார்ட் ஒயிலர் என்னுங் கணிதப் புலவருடைய சரித்திரத்தை உபாத்தியாயராகிய அன்பர்கட்குச் சுருக்கி எழுதத் துணிந்தோம். எழுதுகோலுந் தாளும் தமக்குப் பயன்படாதொழிந்த காலத்தில், மனமொன்றையே கருவியாகக் கொண்டு தொழில்புரிந்தவர் அவர்.

ஒயிலர் 1707ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 15ஆந் தேதி சுவிற்சர்லாந்து தேசத்துப் பாசல் நகரிலே பிறந்தார். தந்தையார் ஒரு புரட்டஸ்தாந்து போதகர். கணிதமுங் கற்றவராதலின் மைந்தருக்கு முதலாசிரியர் அவரேயாயினார். பதின்மூன்றாம் பிராயத்தில் ஒயிலர் அந்நகரத்துப் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே கணிதத்திற் பெரும்புகழ் படைத்திருந்த யோகான் பேர்ணூலி என்பாரிடம் தனியே பாடங்கேட்க விரும்பினார். பேர்ணூலி தமக்கு ஓய்வின்மையால் அதற்கு உடன்பட்டிலர். ஆயினும் ஒரு வழி காட்டினார். கடினமான நூல்களைத் தாமே படித்துவருமாறும், விளங்காத இடங்களை மாத்திரம் சனிக்கிழமைப் பிற்பகலிற் கொண்டுவந்து கேட்குமாறும் பணித்தார். ஆசிரியரை மிகுதியும் வருத்தலாகாதென்று, கேட்கும் ஐயங்களை இயன்றவளவு குறைத்துக்கொள்ள ஒயிலர் வாரமுழுதும் முயன்றார். ஓரையந் தீர்ந்தவிடத்து வேறு பல ஐயங்களுந் தாமே நீங்கின. பாடத்தை ஊட்டிவிடாது அறிவுப்பசியை உண்டாக்கிய இம்முறையை நம்மனோர் ஊன்றி நோக்குதல் தகும்.

அவர் 1727இல் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்து விஞ்ஞானக் கழகத்திற் பணியேற்றார். 1741இல் பேர்லின் நகருக்குச் சென்று இருபத்தைந்தாண்டு தங்கி, 1766இல் சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கே மீண்டார். அவருக்குப் பிறந்த மக்கள் பதின்மூவர். வளர்ந்து பெரியோரானவர் ஐவரே. குழந்தை மடியிலும் பூனை தோளிலும் இருக்க அவர் அரிய நூல்களை எழுதினாரென்று கண்டோர் கூறிச்சென்றனர். ஓசையற்ற தனியறை வாய்த்தாலன்றிச் சிந்தித்தல் இயலாதென்று அவர் காத்திருந்தாரல்லர்.

1738இல் வலக்கண்ணின் ஒளி கெட்டது. சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கு மீண்டபின் இடக்கண்ணையும் படலம் மறைத்தது. 1771இற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சையாற் சிலநாள் பார்வை திரும்பியதாயினும், பின்னர்க் கண் நோயுற்று ஏறக்குறைய முற்றும் இருண்டது. அவ்வாண்டிலேயே நகரிற் பெருந்தீப் பரவி அவர் வீட்டையும் எரித்தது. பார்வையற்றிருந்த அவரைப் பீற்றர் கிறிம் என்னும் பாசல் நகரத்துத் தொழிலாளர் சுமந்து வெளிக்கொணர்ந்தார். 1773இல் மனைவியாரும் இறந்தார். இத்துணைத் துன்பங்களுஞ் சூழப்பெற்ற முதியவர் ஓய்ந்திருந்தாராயின் அவரைக் குறைகூறுவார் யார்? ஆயின் அவர் இயற்றிய எண்ணூற்றுக்கு மேற்பட்ட நூல்களிலும் கட்டுரைகளிலும் ஏறக்குறையப் பாதி, 1766க்குப் பிற்பட்ட அக்காலத்தனவே.

இஃது எங்ஙனம் இயன்றது? கண்ணொளி உள்ளபோதே அவர் மனத்தில் நிறையச் சேமித்து வைத்திருந்தமை முதற்காரணம். இலத்தீன் புலவர் வேர்ஜில் இயற்றிய ஈனீட் என்னும் பெருங்காப்பியம் ஏறக்குறைய 9,900 அடிகளையுடையது. ஒயிலர் அதனை முழுதும் நெட்டுருச் செய்திருந்தார். தாம் படித்த பிரதியில் ஒவ்வொரு பக்கத்தின் முதலடியும் ஈற்றடியும் இவையென்று முதுமையிலுஞ் சொல்லவல்லராயிருந்தார்.

சேமித்ததை நாள்தோறும் எடுத்து வழங்கியமை இரண்டாங் காரணம். உறக்கம் வாராத ஓரிரவில் எண்களின் ஆறடுக்கு வரையுள்ள பெருக்கங்களை மனத்தாற் கணித்து, சில நாட் கழித்தும் அவற்றை வழுவின்றி ஒப்புவித்தார். மாணாக்கர் இருவர் ஒரு தொடரைப் பதினேழு உறுப்புக்கள் வரை கூட்டியபோது, ஐம்பதாம் இலக்கத்தில் இருவர் விடையும் வேறுபட்டன. ஒயிலர் அக்கணக்கு முழுவதையும் மனத்தாற் செய்து உண்மையைத் தெளிவித்தார்.

தாம் அறிந்ததைப் பிறர்க்கு ஓயாது எடுத்துரைத்தமை மூன்றாங் காரணம். தம் அறையிற் பெரிய மேசையொன்றும் கற்பலகையும் வைத்து, வெண்கட்டியாற் பெரிய எழுத்துக்களாகக் குறித்துக்காட்டுவார். மைந்தரும் இளங்கணிதரும் கேட்டெழுதுவர். 1772இல் வெளிவந்த சந்திரனது கதியைப் பற்றிய பெருநூல் இவ்வாறு பிறர் துணைகொண்டு முடிந்ததே. அல்ஜிப்ராவைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்கும் நூலொன்றை, பேர்லினிலிருந்து உடன் அழைத்துவந்த தையற்றொழில் பயின்ற பணியாள் ஒருவனுக்குச் சொல்லி எழுதுவித்தார். அவன் கணிதமறியாதவன், நூல் முடிந்தபொழுதோ கடினமான கணக்குக்களையுந் தானே செய்யவல்லனாயினான். கல்லாதானுக்கு விளங்குமாறு சொல்லவேண்டியிருந்தமையால் ஆசிரியர் கருத்துங் கூர்மையுற்றதென்று சொல்லுதல் மிகையாகாது. தேகாப்பியாசத்தையும் அவர் மறந்திலர். தனியே வெளியில் உலாவவியலாத அவர், மேசையின் விளிம்பைக் கையாற் பற்றி அதனைச் சுற்றிச்சுற்றி நடப்பார்.

1783ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 18ஆந் தேதி அவருடைய இறுதிநாள். அவ்வாண்டிற் புதிதாக வானிலெழுந்த பலூனின் கதியை அன்று கணித்தார். இரண்டாண்டுக்கு முன் கண்டறியப்பட்ட யுரேனசு என்னுங் கிரகத்தின் பாதையைக் குறித்து, உணவு வேளையில் லெக்செல் என்னும் நண்பரோடு உரையாடினார். பிற்பகலிற் பேரப்பிள்ளையோடு மகிழ்ந்திருக்கையில் மூளையில் இரத்தம் பெருகி உணர்விழந்து, அன்றிரவே உயிர் நீத்தார். அவருக்கு அப்போது பிராயம் எழுபத்தாறு.

இச்சரித்திரத்தைக் கொண்டு, மனக்கணக்குப் பயின்றார் எல்லாரும் ஒயிலராவரென்று நாம் கூறவந்தோமல்லோம். அவருக்கு இயற்கையில் வாய்த்த ஆற்றல் பெரிது. அவருடைய பழக்கமெல்லாம் நாங் கொள்ளத்தக்கனவுமல்ல. அவர் இறுதிவரை புகைக்குழாய் பிடித்தார். புகைத்தலும் அடக்காத இரத்த அழுத்தமும் மூளைக்குக் கேடென்பதை இக்கால வைத்தியர் நன்கறிவர். நாள்தோறும் நடத்தல், போதிய உறக்கம், நல்லோர் கூட்டம், புதியன கற்றல் ஆகியவை முதுமையில் அறிவு தளராதிருக்கத் துணைசெய்யுமென்று அவர் கூறுவர். அவையுந் துணையேயன்றி முற்றுங் காக்குங் கவசமல்ல.

ஆயினும் நம்மால் இயன்றது ஒன்றுண்டு. இருபதாண்டாக ஒரே பாடத்தை ஒரே குறிப்பேட்டிலிருந்து சொல்லிவரும் உபாத்தியாயர், மாணாக்கருடைய சோம்பலைக் கடிவதற்குமுன் தம் மனம் கடைசியாக எப்போது வருந்தியதென்று தம்மைத் தாமே வினாவுதல் வேண்டும். காலையிற் பாடசாலைக்கு நடக்கும்போது ஒரு கணக்கைத் தாளின்றிச் செய்க. வாரத்துக்கு ஒரு செய்யுளைப் புதிதாகப் பாடஞ்செய்க. விளங்காத நூலொன்றை எப்போதும் கையில் வைத்திருக்க. வகுப்பிற் பின்தங்கிய மாணாக்கன் ஒருவனுக்கு அவன் தெளியுமளவும் எடுத்துரைக்க. கணிக்குங் கருவியை வெறுக்கவேண்டுவதில்லை. அது தந்த விடை பொருந்துமா பொருந்தாதா என்று மதிப்பிடும் மனத்தை முதலில் ஆக்கிக்கொள்ளவேண்டும். பிள்ளைகளுக்குக் கண்ணும் நூலும் கருவியும் உள்ளபோதே, அவை இல்லாதவிடத்தும் உதவுவதொன்றை அவர்தம் உள்ளத்தில் நாள்தோறுஞ் சிறிதுசிறிதாகச் சேர்த்துவைத்தல் நம் கடமையாம்.