சர்க்கார் அனுமதியில்லாத சுதந்திர தினம்

ஈஜிபுரா, ஜன. 25: நாளை குடியரசு தினம். பள்ளிக்கூடங்களில் கொடி ஏறும். பிள்ளைகள் மிட்டாயோடு வீடு திரும்புவார்கள். சம்பளத்தோடு விடுமுறை கிடைப்பவரும் உண்டு, கிடைக்காதவரும் உண்டு. ஆனால் இந்த ஜனவரி 26-ஐக் கொண்டாடியதற்காக அடிபட்டுச் சிறை சென்றவர் ஒருவர் இருந்தார். அவர்தான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்.

1897 ஜனவரி 23-ல் கட்டாக்கில் பிறந்தவர் சுபாஷ். ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறியும், 1921-ல் அந்தப் பெரிய உத்தியோகத்தை உதறினார்.

1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யத் தீர்மானம் போட்டது. 1930 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 26-ஐ மக்கள் தாங்களாகவே சுதந்திர தினமாகக் கொண்டாடினர். சர்க்கார் காலண்டரில் அதற்கு இடமில்லை. 1931-ல் அதே நாளில் கல்கத்தா மேயராயிருந்த சுபாஷ் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். நகரின் முதல் பிரஜை என்றும் பாராமல் போலீசார் தடியால் அடித்துக் கைது செய்தனர்.

1938-ல் காங்கிரஸ் தலைவரானார். மறு ஆண்டும் தேர்தலில் வென்றார். ஆனால் கருத்து வேற்றுமையால் பதவி விலகினார். 1941 ஜனவரியில் வீட்டுக்காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பினார். 1943 ஜனவரி 26-ஐ பெர்லினில் கொண்டாடினார். பின்பு நீர்மூழ்கிக் கப்பலேறிக் கீழ்த்திசை வந்தார். ஜெர்மனி, ஜப்பான் துணையை நாடியதில் அன்றும் கருத்து வேறுபாடு உண்டு, இன்றும் உண்டு.

1943 அக்டோபர் 21-ல் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய சர்க்காரை அறிவித்தார். அவர் அழைப்பை ஏற்று மலாயாவில் திரண்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்த கூலிகள் சிப்பாய்களாயினர். பால்மரம் வெட்டிய பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். பலர் நகைகளைக் கழற்றித் தந்தனர். 1944 ஜனவரி 26 ரங்கூனில் கொண்டாடப்பட்டது.

1945 ஆகஸ்ட் 18-ல் தைவானில் நடந்த விமான விபத்தில் 48 வயதில் நேதாஜி மறைந்தார். நம்ப மறுத்தவர் அநேகர்.

1947-ல் சுதந்திரம் ஆகஸ்ட் 15-ல் வந்தது. பழைய நாளை மறக்க மனமில்லாத தலைவர்கள், அரசியல் சட்டத்தை 1950 ஜனவரி 26-ல் அமலுக்குக் கொண்டுவந்தனர். அனுமதியின்றிக் கொண்டாடிய நாள் அரசாங்கத் திருநாளாயிற்று.

அதைப் பார்க்க நேதாஜி இல்லை. பர்மாக் காடுகளில் மாண்ட தோட்டத் தொழிலாளரும் இல்லை. பிறந்த மண்ணைவிட்டுப் பிழைக்கப் போனவர்களும் அந்த நாளைக் காத்தவர்களே. நாளை கொடிக்கு வணக்கம் செலுத்தும்போது அவர்களையும் நினைத்தல் தகும்.