ஜான் போஸ்டல்: மின்னஞ்சலின் கதவைத் திறந்து வைத்தவர்

நாம் அனுப்பும் மின்னஞ்சல்கள் எல்லாம் 1982-ல் ஒருவர் எழுதி வைத்த விதிகளின் தடத்தில்தான் இன்றும் போய்ச் சேருகின்றன. அவர் ஜான் போஸ்டல்.

1943 ஆகஸ்ட் 6-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் பணியில் சேர்ந்தார். இணைய விதிமுறைகளைச் சொல்லும் ஆர்எஃப்சி ஆவணங்களுக்குக் கடைசி வரை அவர்தான் ஆசிரியர்.

குப்பை அஞ்சல் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. 1975-லேயே ஒரு சிறு குறிப்பு எழுதினார். வேண்டாத அஞ்சலை மறுக்கப் பெறும் கணினிக்கு வழியே இல்லை, அது குவிந்தால் வேலையே முடங்கிவிடும் என்று எச்சரித்தார்.

ஆனால், 1982 ஆகஸ்டில் அவர் எழுதிய எஸ்எம்டிபி விதிகள் நம்பிக்கையின் மேல் நின்றன. அப்போது இணைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள். எல்லாம் நேரடியாக இணைந்திருக்கவில்லை. அதனால் யாருடைய அஞ்சலையும் வாங்கி, அடுத்த கணினிக்குத் தள்ளிவிடுவது ஓர் உதவி. அனுப்புவது யார் என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை.

1990-களில் அந்த உதவியே வினையானது. விளம்பரக்காரர்கள் ஒரே ஒரு பிரதியையும் ஆயிரக்கணக்கான முகவரிகளையும் முன்பின் தெரியாத சர்வரின் தலையில் கட்டிவிட்டு நழுவினார்கள். செலவும் கெட்ட பெயரும் சர்வர்காரருக்கு. அவருடைய சர்வர் கறுப்புப் பட்டியலில் ஏற, நியாயமான அஞ்சல்களும் திரும்பி வந்தன.

தீர்வு எளிமையானது. சர்வர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பெறுநர் நம்ம டொமைனைச் சேர்ந்தவரா? இல்லையென்றால், அனுப்புபவர் நம்ம நெட்வொர்க்கிலிருந்தோ, பாஸ்வேர்டு கொடுத்தோ வருகிறாரா? இரண்டுக்குமே இல்லை என்றால் மறுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். பெருவாரியாகப் பயன்பட்ட சென்ட்மெயில் மென்பொருள், 1998 மே மாதம் வந்த 8.9 பதிப்பிலிருந்து இந்த மறுப்பையே இயல்பாக வைத்தது.

அதே ஆண்டு அக்டோபர் 16-ல், இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கலால் போஸ்டல் காலமானார். வயது 55. நான்கு மாதம் கழித்து, 1999 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 2505, அனுமதியில்லாத ரிலேவைத் தடுக்கும் வசதி அஞ்சல் சர்வருக்குக் கட்டாயம் வேண்டும் என்றது. 1975-ல் அவர் கேட்ட மறுக்கும் உரிமை, அவர் இல்லாத உலகத்தில் விதியானது.