சாமுவேல் பிஸ்க் கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் (அக்டோபர் 10, 1822 – மே 28, 1884) இலங்கையின் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவரும் மதப்பரப்புநரும் ஆவார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் கலைச்சொற்களையும் உருவாக்கினார். தமிழ் அறிவியல் எழுத்தின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

கிறீன் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஊஸ்டரில் பிறந்தார். நியூயோர்க் நகரின் வளர்ச்சியில் பெரும்பங்கு வகித்த ஆண்ட்ரூ கிறீன் இவருடைய தமையனார். 1845 இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்க இலங்கை மிசனின் மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் பணியாற்றினார். 1848 இல் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். 1857 இல் தாயகம் சென்றவர், 1862 இல் மணம் முடித்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1873 இல் நிரந்தரமாக அமெரிக்கா திரும்பினார். அதன் பின்னரும் தமிழ் மொழிபெயர்ப்புப் பணியைக் கைவிடவில்லை.

தமிழ்வழி மருத்துவக் கல்வி

தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே வகுப்புகள் நடைபெற்றன. ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் அரசுப் பணியை நாடி ஊரை விட்டுச் செல்வதையும், கிராம மக்கள் மருத்துவ வசதியின்றி இருப்பதையும் கிறீன் கண்டார். தாய்மொழியில் கற்றவர்களே ஊரில் தங்கி மக்களுக்குப் பயன்படுவர் என்று கருதி, 1860களின் நடுவில் தமிழ்வழி வகுப்பைத் தொடங்கினார். இவரிடம் பயின்ற 60க்கும் மேற்பட்ட மருத்துவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் கற்றவர்கள்.

இம்முயற்சிக்கு எதிர்ப்பும் இருந்தது. ஆங்கிலக் கல்வியே வேலைவாய்ப்புத் தரும் என்று மாணவர் பலர் எண்ணினர். 1870 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. கிறீன் தாயகம் திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை.

கலைச்சொல்லாக்கம்

ஒரு கருத்துக்குத் தமிழில் சொல் உள்ளதா என்று முதலில் தேடுவது, இல்லையெனில் வடமொழியிலிருந்து எடுத்துக்கொள்வது, அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது இவருடைய முறை. உடற்கூற்றியல் அங்காதிபாதம் என்றும், உடலியங்கியல் சுகரணம் என்றும், வேதியியல் கெமிஸ்தம் என்றும் வழங்கப்பட்டன.

நரம்பு மண்டலத்தைத் தமிழில் விளக்குவது எளிதன்று. பழந்தமிழில் நரம்பு என்னும் சொல் யாழின் நரம்பு, தசைநாண், இரத்தக் குழாய் ஆகியவற்றையும் குறித்தது. மூளைக்கும் உறுப்புகளுக்கும் இடையே செய்தி கடத்தும் இழையை மட்டும் குறிக்க அதன் பொருளை வரையறுக்க வேண்டியிருந்தது.

அன்றைய உடலியங்கியல்

கிறீன் வாழ்ந்த காலத்தில் உடலியங்கியல் வேகமாக வளர்ந்து வந்தது. நரம்பில் செய்தி செல்லும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்று செருமானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு 1850 இல் தவளையின் நரம்பைக் கொண்டு அளந்தார். அட்ரினல் சுரப்பி பழுதுபட்டால் உண்டாகும் நோயை இங்கிலாந்தின் தோமசு அடிசன் 1855 இல் விளக்கினார். தைராய்டு, தைமசு, அட்ரினல் முதலியவை நாளமில்லாச் சுரப்பிகள் என ஒன்றாக வகைப்படுத்தப்பட்டிருந்தன. எனினும் அவை இரத்தத்தில் கலக்கும் வேதிப்பொருள்கள் மூலம் தொலைவிலுள்ள உறுப்புகளை இயக்குகின்றன என்பது அப்போது தெளிவாகவில்லை. முதலில் இனங்காணப்பட்ட அத்தகைய பொருளான செக்ரிட்டின் 1902 இல் கண்டறியப்பட்டது. ஆர்மோன் என்னும் பெயர் 1905 இல்தான் வந்தது. எனவே நரம்பு மண்டலத்துக்கு இணையான இரண்டாம் கட்டுப்பாட்டு மண்டலம் ஒன்று உண்டு என்பது கிறீன் மறைந்த பின்னரே உறுதிப்பட்டது.

நூல்கள்

கிறீனும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்தவை 4,000 பக்கங்களுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் சில:

* அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் (கட்டரின் நூல்)
* பிரசவ வைத்தியம் – 1857
* இரண வைத்தியம் – 1867
* மனுஷ அங்காதிபாதம் – 1872 (கிரேயின் உடற்கூற்று நூல்)
* வைத்தியாகரம் – 1872
* கெமிஸ்தம் – 1875
* மனுஷ சுகரணம் – 1883 (டால்ற்றனின் உடலியங்கியல் நூல்)

மறைவும் நினைவும்

கிறீன் 1884 இல் ஊஸ்டரில் காலமானார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பது தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்று விரும்பினார். மானிப்பாயில் உள்ள கிறீன் நினைவு மருத்துவமனை இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவருடைய சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம், சுகரணம் என்பவற்றின் இடத்தை உடற்கூற்றியல், உடலியங்கியல் ஆகியன பெற்றுவிட்டன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நாளமில்லாச் சுரப்பி மண்டலம் எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் அகஞ்சுரக்கும் தொகுதி எனப்படுகிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் பள்ளி மாணவர்கள் உயிரியலைத் தமிழில் கற்கின்றனர். ஆனால் மேனாட்டு மருத்துவப் பட்டப்படிப்பு இன்றும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.